கார்டு பெட்டி இல்லாத கூட்ஸ்

"உப்புப் போட்டுட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாக்கா—"

"நீ போட்டது எனக்கு இன்னா ஜோசியமா தெரியும்? நேத்து நீ போடல, நான்தான—"

"நேத்து, நேத்து. நீ எல்லாத்தையும் சொல்லாமலேதான் செய்யற. உப்பையும் சொல்லல, பொண்ணு பாத்ததையும்—"

"பொண்ணு எங்கேர்ந்து வந்துச்சு இப்ப? குழம்பைப் பேசு."

"குழம்பைத்தான் பேசறேன்."

"இல்ல, நீ பத்திரிகையைப் பேசற. தீபத்துலேர்ந்து அதையேதான்—"

"ஆமா, பேசறேன். கல்யாணப் பத்திரிகையில அம்மான்னு யார் பேரைப் போடுவ?"

"காகிதத்துல யார் பேர் இருக்குதோ அந்தப் பேர்தான். வேற பேரைப் போட்டா நாம ரெண்டு பேரும் உள்ள போவணும், தெரியுமில்ல?"

ஒரு வீட்டில் இரண்டு பெண்கள் சமைத்தால் குழம்பில் உப்பு இரண்டு முறை விழும், இல்லாவிட்டால் விழவே விழாது. இதைத்தான் உங்களிடம் முதலில் சொல்ல வேண்டும் என்று நினைத்து வைத்திருந்தேன் சார். எனக்கு எதையும் கோவையாகச் சொல்ல வராது. யார் என்ன பேசினார்கள் என்பது மட்டும் காதில் அப்படியே நிற்கிறது. அதை வரிசையாகச் சொல்கிறேன். உங்களுக்கு வேண்டியதை எழுதிக்கொள்ளுங்கள்.

உப்பைப் பற்றிக் கேட்டவள் நான், திரௌபதி. பதில் சொன்னது ராணியம்மாள், என் வீட்டுக்காரரின் மூத்த சம்சாரம். வீட்டுக்காரர் பெயரை நான் வாயால் சொல்வதில்லை, உங்கள் ஃபைலில் இருக்கிறது. இந்தச் சண்டை தொண்ணூற்றாறாம் வருஷம், கார்த்திகை தீபம் முடிந்த வாரத்தில், இதே கேட் குவார்ட்டர்ஸில், தோ அந்த அடுப்படியில் நடந்தது. மறுநாள் காலையில் ராணியக்கா இல்லை.

நீங்கள் விசாரிக்க வந்தது அதை அல்ல என்று எனக்குத் தெரியும். கேட்கீப்பர் கோபி, பணியில் இறந்துபோன ராணியம்மாளின் மகன்தானா, வாரிசு வேலை சரியாகத்தான் கொடுக்கப்பட்டதா என்று பார்க்க வந்திருக்கிறீர்கள். அதற்கு ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் அந்த ஒரு வரி மட்டும் உங்கள் காகிதத்தில் தனியாக நிற்பது எனக்குப் பிடிக்கவில்லை.

ராணியக்காவுக்குக் குழந்தை இல்லை. அவளே எங்கள் ஊருக்கு வந்து, எங்கள் அம்மாவிடம் என்னைக் கேட்டாள்.

"எனக்கு ஒரு தங்கச்சி வேணும், அனுப்புங்க. நான் கண் கலங்க வுட மாட்டேன்," என்றாள்.

சொன்னபடிதான் நடந்துகொண்டாள். அதில் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஆனால் ரயில்வேயில் வேலை செய்கிறவர் இரண்டாவதாகக் கட்டிக்கொண்டது தெரிந்தால் வேலை போய்விடும். அதனால் காகிதத்தில் நான் கிடையாது. யாராவது பெரிய ஆபீசர் டிராலியில் வந்தால் நான் அக்காவின் தங்கச்சி. கோபியை வயிற்றில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனபோது, வாசலில் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"பேர் கேட்டா ராணியம்மாள்னு சொல்லு. அவரு வேலைக்காகத்தான். நமக்குள்ள யார் பெத்தா இன்னா?"

வலியில் நானும் அப்படியே சொன்னேன். நர்ஸ் என்னை ராணி, ராணி என்று கூப்பிட்டுத்தான் பிரசவம் பார்த்தாள். பிள்ளை பேச ஆரம்பித்ததும் அதையும் சரிசெய்ய வேண்டியிருந்தது. ஆபீசர் முன்னால் உளறிவிடக் கூடாது அல்லவா. அக்காவைக் காட்டி அம்மா என்று சொல்லிக்கொடுத்தோம், என்னைக் காட்டி சித்தி என்று. சொல்லிக்கொடுத்ததில் பாதி நான்தான். "சித்தி சொல்லு, சித்தி சொல்லு" என்று என் மடியில் உட்காரவைத்துக்கொண்டே சொல்லிக்கொடுத்தேன். பால் என்னிடம்தான் குடித்தான்.

இதில் எனக்கு வருத்தம் ஏதும் இல்லை. இருந்திருந்தால் அப்போதே சொல்லியிருப்பேன்.

கோபி பள்ளிக்கூடம் போகிற வயதில் அவர் மஞ்சள் காமாலையில் போய்விட்டார். கேட் வேலை அக்காவுக்குக் கிடைத்தது. கிடைத்தது என்றால் பெயரளவில். அக்காவுக்கு ரயில் என்றாலே பயம். வண்டி வரும் சத்தம் கேட்டால் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். அதனால் கையெழுத்து அவளுடையது, கொடியும் விளக்கும் கேட் சாவியும் என்னுடையவை. இரவுக்கு வேணு என்று ஒரு ஆள் வருவார். பகல் முழுக்க நான்தான். இது தண்டவாளம் சோதிக்க நடந்து போகிற கீமேனிலிருந்து ஸ்டேஷன் வரைக்கும் எல்லோருக்கும் தெரியும். போனில் ஸ்டேஷன் மாஸ்டரே, "ராணியம்மாவா பேசறது?" என்று கேட்டுவிட்டுத் தானே சிரித்துக்கொள்வார். "ஆமாங்க," என்பேன்.

அப்போது இங்கே மீட்டர் கேஜ். பாசஞ்சர் வண்டிக்கு ஒரு நேரம் உண்டு, முன்னே பின்னே ஆனாலும் வந்துவிடும். கூட்ஸுக்கு நேரம் கிடையாது. உர மூட்டை, சிமென்ட், அரிசி என்று விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்து திருவண்ணாமலை கூட்ஸ் ஷெட்டில் இறக்கிவிட்டுப் போகும். எப்போது வரும் என்று ஊருக்குத் தெரியாது, கேட்டுக்குத்தான் தெரியும். அதனால் இந்தப் பக்கத்து ஜனங்களிடம் ஒரு பழக்கம் உண்டு. கேட்டைத் தாண்டி டவுன் பக்கமாகப் போனால் ஓடைப் பாலம். வரும்போது பார்த்திருப்பீர்கள். இரும்பு கர்டர், மேலே கட்டைகள், கட்டைக்குக் கட்டை கீழே பள்ளம் தெரியும். ஒதுங்கி நிற்க இடமே இல்லை. பாலத்தைத் தாண்டினால் மெயின் ரோடு, பஸ் நிற்கும் இடம். ரோட்டைச் சுற்றிக்கொண்டு போனால் கால் நோகும். அதனால் பால்காரர், பள்ளிக்கூடப் பிள்ளைகள், பூக்காரி எல்லோரும் பாலத்தின் மேல்தான் போவார்கள். ஆனால் கேட்டைக் கேட்காமல் ஒருத்தரும் பாலத்தில் கால் வைக்க மாட்டார்கள்.

"திரௌபதி, வண்டி போயிடுச்சா?"

"போயிடுச்சு, போங்க."

"கூட்ஸ் ஏதாச்சும் இருக்குதா?"

"இருக்குது. இருங்க, புகையிலை போட்டுக்கினு குந்துங்க. சொல்றேன்."

ஒருமுறை ஒரு கிழவர், "நீ என்னாம்மா, அண்ணாமலையார் மாதிரி உத்தரவு குடுக்கற," என்றார். "அவரு உத்தரவுக்கு வரிசையில நிக்கணும் தாத்தா. என்னுது ஓசி," என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். என் வார்த்தையை நம்பி அத்தனை பேர் அந்தக் கட்டைகளின் மேல் நடந்தார்கள். ஒரு தடவை கூட நான் அந்த விஷயத்தில் பொய் சொன்னது கிடையாது. இதை நீங்கள் தனியாக எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். உங்கள் வேலை காகித வேலை, இது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. தீபத்துக்குக் கூட்டம் வருகிற நாட்களில் ஸ்பெஷல் வண்டிகளுக்கு லைன் வேண்டும் என்று கூட்ஸை எல்லாம் அங்கங்கே நிறுத்திவிடுவார்கள். கூட்டம் கலைந்த பிறகு, தேங்கிக் கிடந்ததைச் சேர்த்து நீளமாகக் கட்டி அனுப்புவார்கள். எங்கள் கேட்டுக்குத் தெற்கே ஒரு மேடு இருக்கிறது. அவ்வளவு பாரத்தோடு, பனியில் நனைந்த தண்டவாளத்தில் சில சமயம் இன்ஜினால் ஏற முடியாது. சக்கரம் வழுக்கும். அப்போது டிரைவர் கூட்ஸை நடுவில் கழற்றிவிடுவார். முன்பாதியை மட்டும் இழுத்துக்கொண்டு போய் ஸ்டேஷனில் விட்டுவிட்டு, இன்ஜின் மட்டும் அதே லைனில் திரும்பி வந்து பின்பாதியை இழுத்துக்கொண்டு போகும். பின்பாதியோடு கார்டு அங்கேயே காத்திருப்பார்.

ஆகவே முன்பாதி கேட்டைத் தாண்டும்போது அதற்கு வால் இருக்காது. கடைசியில் கார்டு பெட்டி இருக்க வேண்டும். அதிலிருந்து கார்டு பச்சைக் கொடி காட்டுவார், நாமும் காட்டுவோம். கார்டு பெட்டி வராவிட்டால் வண்டி முடியவில்லை என்று அர்த்தம். இதை என் வீட்டுக்காரர்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். "வண்டி போனா சத்தத்தைக் கேக்காத, வாலைப் பாரு," என்பார். அக்காவுக்கு அவர் இதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. அவள்தான் கதவைச் சாத்திக்கொள்வாளே.

இப்போது அந்தச் சண்டைக்கு வருகிறேன்.

அக்காவின் தம்பி கண்ணாயிரம் கீழ்பென்னாத்தூரில் நிலபுலத்தோடு இருக்கிறார். மணிலாக் கொட்டை, அதாவது வேர்க்கடலை வியாபாரம், சொந்தமாக வேன். அவருக்கு ஒரே மகள், எழிலரசி. கோபி அப்போது ஐ.டி.ஐ. முடித்துவிட்டுச் சும்மா இருந்தான். எழிலரசியைக் கோபிக்குக் கட்டுவது, கோபி அங்கேயே போய் வியாபாரத்தைப் பார்ப்பது, அக்கா வேலையை விட்டுவிட்டு அவர்களோடு போய் இருப்பது என்று அவர்களுக்குள்ளேயே பேசி முடித்திருந்தார்கள். கோபி தீபத்துக்கு முன்னாலேயே மாமா வீட்டுக்குப் போய்விட்டான். பெட்டியோடு போனான். திரும்பி வருகிற பிள்ளை பெட்டி எடுத்துக்கொண்டு போகாது.

"நாளைக்கு ஆபீஸ்ல எழுதிக் குடுத்துடறேன் திரௌபதி. எத்தினி நாளைக்கு நீ பாக்கற வேலைக்கு நான் கையெழுத்துப் போடறது? மனசு உறுத்துது."

"எனக்கு உறுத்தலியே. நான்தான பாக்கறேன்."

"குவார்ட்டர்ஸைக் காலி பண்ணிடலாம். நீயும் வா. உன்ன வுட்டுட்டா போவேன்?"

"அங்க வந்து நான் யாரு?"

"யாருன்னா? கோபிக்கு சித்தி."

"இங்க காகிதத்துக்காக சித்தி. அங்க எதுக்கு?"

"இருவது வருஷமா சொன்னதை இப்ப போயி மாத்தினா எழிலு வீட்டுல இன்னா நினைப்பாங்க? கோபியே இன்னா நினைப்பான்? அவனுக்கே அரைகுறையாதான் தெரியும். கிளறாத வுடு."

அவள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை, சார். நானும் நிதானமாக யோசித்துப் பார்த்தேன். அவள் வேலையை விட்டு எழுதிக் கொடுத்தால் கேட் போகும், குவார்ட்டர்ஸ் போகும், கோபிக்கு ரயில்வே வேலை என்ற பேச்சே இருக்காது. அவன் மாமனார் வீட்டு மணிலா மூட்டைகளைத் தூக்கி அடுக்கிக்கொண்டு இருப்பான். வேலையில் இருக்கும்போதே அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால், பிள்ளைக்கு வேலை. கேட் அவன் பெயருக்கு வரும். குவார்ட்டர்ஸ் நிற்கும். நான் இங்கேயே அவனுக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டு இருப்பேன். ஒரு தாய் பிள்ளையின் எதிர்காலத்தைப் பற்றி யோசிப்பது இயற்கைதானே. பொறாமை என்று யாராவது சொன்னால் அது சரியில்லை. பொறாமை இருந்திருந்தால் இருபது வருஷம் ஒரே தட்டில் சாப்பிட்டிருக்க முடியுமா?

மறுநாள் விடியும்போது பனி. மலையே தெரியவில்லை. உச்சியில் தீபம் எரிகிறதா அணைந்ததா என்று கூடச் சொல்ல முடியாது. அப்படி ஒரு வெள்ளை. வேணு சைக்கிளில் கிளம்பிப் போய்விட்டார். போனில், "கூட்ஸ் வருது, மூடிக்கோ," என்றார்கள். மூடினேன். கூட்ஸ் முக்கிக்கொண்டே வந்தது. பெட்டி பெட்டியாகப் போனது. நான் பச்சைக் கொடியோடு நின்றேன். கடைசிப் பெட்டி போனது. அதன் பின்னால் வெறும் பனிதான் இருந்தது.

கார்டு பெட்டி இல்லை.

நான் கேட்டைத் திறந்தேன். ஒரு மாட்டு வண்டி, ஒரு டிவிஎஸ் தாண்டிப் போயின. பிறகு வீட்டுக்கு வந்தேன். அக்கா புதுப்புடவை கட்டிக்கொண்டு, கையில் பையோடு நின்றாள். முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் அவளுக்கு.

"கூட்ஸ் போயிடுச்சா?"

"போயிடுச்சுக்கா."

போய்விட்டதுதான். அவள் கேட்டாள், நான் சொன்னேன். அதில் பொய் எங்கே இருக்கிறது?

"அப்ப நான் கிளம்பறேன்."

"இரு. தலை இன்னா இப்படிக் கிடக்குது? ஆபீசுக்குப் போறவ. உக்காரு, வாரி வுடறேன்."

"பஸ்ஸு போயிடும்டி."

"பனியில பஸ்ஸு மட்டும் பறந்துக்கினா வரப்போவுது? உக்காரு."

உட்கார்ந்தாள். நான் பின்னால் உட்கார்ந்து தலையை அவிழ்த்தேன். அன்றைக்குச் சிக்கு ஜாஸ்தி. இன்ஜின் ஸ்டேஷனுக்குப் போக வேண்டும், பெட்டிகளைத் தள்ளிவிட வேண்டும், கழற்ற வேண்டும், பிறகு திரும்ப வேண்டும். அதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்குப் பழக்கம் உண்டு. எண்ணெய் வைத்தேன். அவள் முடி அப்போதே கம்மியாகிவிட்டது, நரை வேறு. வலிக்காமல் வாரினேன்.

"நேத்து சண்டை போட்டது மனசுல வெச்சுக்கினியா?" என்று கேட்டாள்.

"இல்லக்கா."

"உப்புக் கரிச்ச குழம்பையும் நீதான் முழுசா தின்ன."

"கீழ கொட்ட மனசு வருமா?"

அவள் சிரித்தாள். தோள் குலுங்கியது என் கையில் தெரிந்தது. அந்த நேரத்தில் எனக்கு ஒரு எண்ணம் வந்தது. கேட்டுப் பார்க்கலாம் என்று தோன்றியது. அவள் வேறு மாதிரி சொல்லியிருந்தால் எல்லாமே வேறு மாதிரி ஆகியிருக்கும். அந்தப் பொறுப்பை நான் அவளிடம்தான் கொடுத்தேன்.

"அக்கா, பத்திரிகையில என் பேரையும் போடலாமா? ஒரு ஓரமா. அம்மான்னு வேணாம். பெத்தவன்னு தெரியற மாதிரி ஏதாச்சும்."

"பைத்தியமாடி உனக்கு? சித்தின்னு போடச் சொல்றேன். பெரிய எழுத்துலயே போடச் சொல்றேன், போதுமா?"

"போதும்," என்றேன்.

பின்னல் முடிந்தது. நேற்றைய சாமந்தி கொஞ்சம் இருந்தது. வாடாததாகப் பார்த்து வைத்துவிட்டேன். அவள் எழுந்து பையை எடுத்துக்கொண்டாள். அப்போதுதான் கேட் ரூமில் போன் மணி அடித்தது.

"போன் அடிக்குது பாரு, நான் போறேன்," என்றாள்.

"பாத்துப் போக்கா," என்றேன்.

உண்மையாகத்தான் சொன்னேன். பாலத்துக் கட்டைகள் பனியில் வழுக்கும்.

நான் போய்ப் போனை எடுத்தேன். ஸ்டேஷன் மாஸ்டர் பேசினார்.

"ராணியம்மா, பாதி லோடு பின்னாடி நிக்குது. இன்ஜின் மட்டும் திரும்பி வருது. கிளம்பிடுச்சு. கேட்டை மூடிட்டுச் சொல்லு."

"மூடிடறேங்க."

"பாலத்துல ஜனங்க இல்லாம பாத்துக்கோ. ஒரே பனியா இருக்குது."

"சரிங்க."

ஜன்னல் வழியே பார்த்தேன். அவள் முதுகு பனிக்குள் போய்க்கொண்டிருந்தது. சாமந்தி மட்டும் கொஞ்ச நேரம் மஞ்சளாகத் தெரிந்தது, பிறகு அதுவும் இல்லை. மாடத்தில் சிவப்புக் கொடி இருந்தது. கை விளக்கு இருந்தது. ஆபத்துக்கு லைனில் வைக்கிற பட்டாசு டப்பாவும் இருந்தது. எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. நான் கேட்டை மூடினேன். மூடியாயிற்று என்று போனில் சொன்னேன். பிறகு வெளியே வந்து, பச்சைக் கொடியை எடுத்துக்கொண்டு, நிற்க வேண்டிய இடத்தில் நின்றேன். வேலையில் ஒரு குறையும் வைக்கவில்லை.

இன்ஜின் வந்தது. தாண்டிப் போய் நின்றது. டிரைவர் இறங்கி ஓடி வந்தார். நல்ல மனுஷர்.

"யாரும்மா அது? பாலத்துல யாரும்மா?"

"கேட்கீப்பருங்க," என்றேன்.

பிறகு நடந்ததெல்லாம் உங்கள் ஃபைலிலேயே இருக்கும். போலீஸ் கேட்டார்கள், உங்கள் ஆபீஸிலும் கேட்டார்கள்.

"டியூட்டி நேரத்துல அவங்க எதுக்குப் பாலத்துக்குப் போனாங்க?"

"பனியாச்சேன்னு லைனைப் பாக்கப் போனாங்கங்க. ஜனங்க யாராச்சும் நடக்கறாங்களான்னு பாக்க."

"நீங்க யாரு?"

"தங்கச்சிங்க."

லைனைப் பார்க்கப் போனாள் என்றேனே, அது ஒன்றுதான் நான் சொன்ன பொய். பிள்ளைக்காகச் சொன்னேன். அதனால்தான் பணியில் இறந்தது என்று ஆனது. வேலையை விடுகிற கடுதாசி அவள் பையிலேயே இருந்தது. போலீஸ் வருவதற்குள் அதை எடுத்து அடுப்பில் போட்டேன்.

கோபி கீழ்பென்னாத்தூரிலிருந்து மாமாவின் வேனில் வந்தான். வந்ததும் என்னிடம் வருவான் என்று நினைத்தேன். அவன் அந்தத் துணி மூட்டையின் மேல் விழுந்தான். "அம்மா, அம்மா" என்று அவன் அழுததை இந்தக் கேட் முழுக்கக் கேட்டது. மொட்டையடித்துக்கொண்டு கொள்ளி வைத்தான். காரியம் முடிந்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "சித்தி, உனக்கு யாருமில்லன்னு நெனைக்காத. நான் பாத்துக்கறேன்," என்றான்.

வேலை கிடைத்தது. நான் கணக்குப் போட்டபடியேதான் எல்லாம் நடந்தது. அவன் இங்கேயே இருக்கிறான். தோ, வெளியே கேட் திறக்கிற சத்தம் கேட்கிறதே, அவன்தான். வருஷம் திரும்பியதும் எழிலரசியையே கட்டிக்கொண்டான், அம்மாவின் ஆசை என்று. பத்திரிகை அடித்து வந்தது. மேலே அண்ணாமலையார், கீழே "அமரர் ராணியம்மாள் அவர்களின் குமாரன்". சித்தி என்று போடச் சொல்ல அப்போது ஆள் இல்லை. தினமும் காலையில் அவள் படத்துக்கு விளக்கேற்றிவிட்டுத்தான் டியூட்டிக்குப் போகிறான். பேத்தி பிறந்தது. அதற்கு அவள் பெயரை வைத்தார்கள். நான் அந்தக் குழந்தையை ராணி, ராணி என்று கூப்பிட வேண்டும்.

எனக்கு இப்போது உடம்பு சரியில்லை. இன்னும் கொஞ்ச காலம்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு எனக்கும் ஒரு காரியம் செய்வார்கள். சித்திக்குச் செய்கிற மாதிரி செய்வார்கள்.

அதனால்தான் வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை மனு வாங்குகிற இடத்தில் போய் நின்றேன். புகார் கொடுத்தது யார் என்று உங்களுக்குச் சொல்லவில்லை என்றீர்கள். நான்தான் கொடுத்தேன். கோபி ராணியம்மாள் பெற்ற பிள்ளை இல்லை, விசாரியுங்கள் என்று நான்தான் சொன்னேன்.

நீங்கள் பேனாவை மூடிவிட்டீர்கள். "அம்மா, இதை எழுதினா உங்க பையனுக்கு வேலை போயிடும். குடும்பம் நடுத்தெருவுல நிக்கும். தெரியுமா?" என்கிறீர்கள். தெரியும். திறந்து எழுதுங்கள். வேலை போனால் போகட்டும், அவன் இளவட்டம், பிழைத்துக்கொள்வான். தாயார் பெயர் என்ற இடத்தில் என் பெயர் வர வேண்டும். அரசாங்கக் காகிதத்தில் வர வேண்டும். இதையும் அவன் நல்லதுக்காகத்தான் செய்கிறேன். பிள்ளைக்குத் தன்னைப் பெற்றவள் யார் என்று தெரிய வேண்டாமா?

அதற்குக் கீழே மற்றதையும் எழுதிக்கொள்ளுங்கள். ராணியம்மாளைக் கொன்றது நான்தான். தள்ளிவிடவில்லை, அடிக்கவில்லை, பொய்யும் சொல்லவில்லை. அவள் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன்.

ஒன்றைத் தவிர. அதைப் போலீஸிடமும் சொல்லவில்லை. இன்ஜின் பாலத்துக்கு முன்னால் ஹாரன் அடித்தது. அந்தப் பனியில், ஓடைக் கரைகள் இரண்டிலும் பட்டு, சத்தம் எல்லாப் பக்கமும் இருந்தது. அவள் பாலத்தில் பாதி கூடத் தாண்டியிருக்கவில்லை. இன்ஜின் டவுன் பக்கமிருந்து வருகிறது என்று தெரிந்தால் திரும்பிக் கேட்டுக்கு ஓடி வந்துவிடலாம். தெற்கேயிருந்து என்றால் முன்னால் ஓட வேண்டும். கூட்ஸ்தான் போய்விட்டதே, அந்தப் பக்கமிருந்து எப்படி வரும் என்று அவள் குழம்பியிருப்பாள். ஆனால் அவள் பதறவில்லை. கட்டைமேல் நின்றாள் என்று நினைக்கிறேன், காலடிச் சத்தம் நின்றுவிட்டது. நான் கொடியோடு நிற்கிறேன் என்று அவளுக்குத் தெரியும். பனிக்குள்ளிருந்து கூப்பிட்டாள். பயந்த குரல் இல்லை. அடுப்படியிலிருந்து எதையோ கேட்பது போன்ற குரல்.

"திரௌபதி, எந்தப் பக்கம்டி வருது?"